காதில் வண்டோடு வந்தவர்

காதுவலிக்கு மருந்து வாங்கக் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குப் போன அன்றுதான் அவரைப் பார்த்தேன். தண்டவாளம் போடும் வேலைக்காரர்; ஆறடி உயரம், முறுக்கு மீசை. காதுக்குள் வண்டு புகுந்திருந்தது.

“சத்தமா பேசாதீங்கண்ணே. அது முழிச்சிக்கிட்டு ஓடுது,” என்று கிசுகிசுத்தார்.

பெஞ்சிலிருந்த எல்லாரும் கிசுகிசுக்க ஆரம்பித்தோம். பெயர் கூப்பிட வந்த, மருந்து போடும் டிரஸ்ஸரும் கிசுகிசுத்ததால் யார் பெயரும் யாருக்கும் கேட்கவில்லை.

ஒருவழியாக டிரஸ்ஸர் அவர் காதில் வெதுவெதுப்பான எண்ணெயை ஊற்றினார். மீசைக்காரர் பக்கத்தில் நின்ற என் கையைப் பிடித்து நசுக்கிவிட்டார். வண்டு உயிரோடு வெளியே வந்தது. மிதித்துவிடுவார் என்று நினைத்தேன். அவரோ அதை வேட்டி நுனியால் துடைத்து, வாசல் புல்லில் விட்டார்.

“போயிரு. ரெண்டு பேருமே பயந்துட்டோம்,” என்றார்.

என் கை மூன்று நாள் வலித்தது. அந்த வண்டின் மேல் அவருக்கு ஏன் கோபமே வரவில்லை என்று இன்றும் யோசிக்கிறேன்.