எங்கிருந்து அக்கா

வரைபட அலுவலகத்தில் அவளுக்கு ‘எங்கிருந்து அக்கா’ என்றே பெயர். யார் எந்த எண்ணை நீட்டினாலும், “எங்கிருந்து அளந்தது?” என்று குடைவாள்.

மூன்று குழி தோண்டியும் தண்ணீர்க் குழாய் அகப்படாத மேஸ்திரி வந்து குதித்தார். “பழைய மேப்புல இருக்கிற நம்பரைத்தான் அக்கா ஜிபிஎஸ்ல போட்டேன். அளந்தவன் குடிச்சிட்டு அளந்திருக்கான்!”

அவள் வரைபடத்தின் மூலையிலிருந்த பொடி எழுத்தில் மூக்கு உரசப் படித்தாள். “பாவம், அவரை ஏன் திட்டுறீங்க? அவர் மலைமேல நட்ட கல்லுல இருந்து அளந்திருக்காரு. உங்க ஜிபிஎஸ் பூமியோட நடுவுல இருந்து அளக்குது.”

கணினியில் கல்லின் கணக்கை ஜிபிஎஸ் கணக்காக மாற்றினாள். குழாயைக் காட்டிய புள்ளி திரையில் தொண்ணூறு மீட்டர் நகர்ந்து ஒரு மரத்தடியில் நின்றது. எட்டிப் பார்த்த மேஸ்திரிக்குச் சுருதி இறங்கிவிட்டது.

“நிழலா இருக்கேன்னு மூணு நாளா அங்கதான் அக்கா லாரிய நிறுத்தியிருக்கேன்.”