உயிரோடு இறங்குவோர் சங்கம்

சவப்பெட்டி படியிறங்கி வரும்போது மட்டும்தான் நில்தா ஒயார்சூன் அடுப்பைத் தணிப்பாள். எண்ணெய்க் கரண்டியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, வலக்கையால் நெற்றி, நெஞ்சு, தோள்கள் என்று சிலுவை போடுவாள். பெட்டி தள்ளுவண்டியைத் தாண்டியதும், "பாவி மனுசன், உசுரோட இருந்தப்ப ஒரு நாளாவது இவ்வளவு மரியாதையா எறங்கியிருப்பானா?" என்றபடி அடுத்த சோபைப்பியாவை எண்ணெயில் நழுவவிடுவாள்.

சிலி நாட்டுத் துறைமுக நகரமான வல்பரைசோவில் எங்கள் குன்றுக்குத் தெரு கிடையாது. படிக்கட்டுதான் தெரு. அதன் அடியில் நில்தாவின் வண்டி நிற்கிறது. பூசணிக்காய் சேர்த்துப் பிசைந்த மாவை வட்டமாகத் தட்டி, முள்கரண்டியால் குத்திக் குத்தி அவள் சுடும் சோபைப்பியாவைத் தின்னாமல் யாரும் துறைமுகத்துக்கு வேலைக்குப் போவதில்லை. குத்தும்போது யாரையாவது திட்டிக்கொண்டிருப்பாள். ஆள் கிடைக்காவிட்டால் முனிசிபாலிடியைத் திட்டுவாள். எதற்கும் "போட்டுப் பாப்போம், வெந்தா தின்போம்" என்பாள். இரண்டாம் கல்யாணத்தின்போது பாதிரியாரிடமும் இதைத்தான் சொன்னாளாம். அந்தக் கல்யாணம் வேகவில்லை.

சங்கம் பிறந்ததற்குக் காரணம் குன்றின் உச்சியில் குடியிருக்கும் தோன் பவுதிலியோ. ஒரு காலத்தில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். சர்க்கரை வியாதியில் பாதம் புண்ணாகி, நடக்க முடியாமல் போய்விட்டது. வாரந்தோறும் கீழே மருத்துவ நிலையத்துக்கு வந்து கட்டு மாற்றாவிட்டால் காலை எடுக்கவேண்டி வரும் என்றார் டாக்டர். நில்தா மேலே போய்ச் சண்டை பிடித்தாள்.

"எப்படிடீ எறங்குறது? பறந்தா?" என்றார் அவர். "நான் எறங்கணும்னா பெட்டியிலதான். அதுக்குன்னா நம்ம ஃபுட்பால் பயலுக கூப்பிடாமலே ஓடி வருவானுங்க."

அது உண்மை. குன்றில் யார் செத்தாலும் பெட்டியைத் தூக்குவது எங்கள் ஃபுட்பால் கிளப்புதான். நில்தாவுக்குச் சுருக்கென்றது. நேராகக் கிளப்புக்குப் போய், கேப்டன் லௌதாரோவின் சட்டையைப் பிடித்தாள்.

"ஏன்டா, பொணத்தைத் தூக்கக் கூட்டமா வர்றீங்க. மூச்சு விடுறவன்னா மட்டும் தோள் வலிக்குதோ?"

"யாரும் கேக்கலியேக்கா," என்றான் அவன்.

அவ்வளவுதான், சங்கம் ஆரம்பமாகிவிட்டது. ஆரம்பக் கூட்டத்துக்கு முனிசிபாலிடி அதிகாரி ஒருவர் சாட்சியாக இருக்கவேண்டும் என்பது சட்டம். அவர் உச்சிக்கு வந்து சேர்ந்தபோது முகம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. சங்கத்தின் பெயரைக் கேட்டுவிட்டு, "கொஞ்சம் வேற மாதிரி வைக்கக் கூடாதாம்மா?" என்றார். "முடியாதுங்க." "லாப நோக்கமில்லாம நடத்தணும், தெரியுமா?" "என் வண்டியை அப்படித்தானே நடத்துறேன்!" தலைவி யார் என்றதும் எல்லாரும் நில்தாவைக் கைகாட்டினார்கள். மறுநாளே ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொண்டாள். சோபைப்பியா மடிக்கும் தாளிலெல்லாம் 'உயிரோடு இறங்குவோர் சங்கம்' என்று குத்திக் கொடுத்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நாங்கள் பார்த்ததில்லை.

சங்கத்தின் முதல் சாதனை, நகரத்துப் புண்ணியவான் ஒருவரிடம் கெஞ்சி வாங்கிய சக்கர நாற்காலி. படிக்கட்டைத் தவிர வேறெதுவும் இல்லாத குன்றுக்குச் சக்கரம் எதற்கு என்று, வந்து இறங்கும்வரை யாருக்கும் தோன்றவில்லை. இப்போது அதில் மாவு வாளி உட்கார்ந்திருக்கிறது. "தப்புப் பண்ணாம எந்தச் சங்கம்டா வளந்துது?" என்றாள் தலைவி. பிறகு லௌதாரோ ஒரு சாப்பாட்டு நாற்காலிக்கு இரண்டு பக்கமும் இரும்புக் குழாய் வைத்து வெல்டிங் அடித்தான். அதில் தோன் பவுதிலியோவை உட்காரவைத்துத் தூக்கினார்கள்.

தூக்கியது சரி, நடைதான் கெடுத்தது. அந்தப் பயல்களின் கால்களுக்குத் தெரிந்தது ஒரே நடை. ஒரு படி, ஒரு நிறுத்தம், தலைகள் குனிந்தபடி, வாய்கள் மூடியபடி. அதைப் பார்த்ததும் வழியெல்லாம் ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். பெண்கள் சிலுவை போட்டார்கள். ஒருத்தி ஜன்னலிலிருந்து பூவே எறிந்துவிட்டாள். "எப்பப்பா ஆச்சு?" என்று யாரோ விசாரிக்க, தோன் பவுதிலியோ நாற்காலியிலிருந்தே அந்த ஆளின் பரம்பரையை இழுத்தார். பாதி வழியில் திருப்பிக் கொண்டுபோகச் சொன்னார்.

"கால் போனாப் போகுது. என் சாவுக்கே ஒத்திகை பாக்குறீங்களாடா?" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

இரண்டு வாரம் கட்டு மாற்றவில்லை. வரும் செவ்வாயும் வராவிட்டால் காலை எடுக்க நாள் குறிக்கவேண்டியதுதான் என்று நர்ஸ் சொல்லியனுப்பினாள். அன்று நில்தா ஒருவரையும் திட்டவில்லை, சோபைப்பியாக்கள் கருகின.

ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பூட்டிவிட்டு உச்சிக்கு ஏறினாள். நாற்காலியில் தானே போய் உட்கார்ந்தாள். அவள் உடம்பைப் பார்த்து லௌதாரோ இரும்புக் குழாயை ஒருமுறை ஆட்டிப் பார்த்தான். "என்னையே எறக்கிட்டா எவனையும் எறக்கிரலாம். தூக்குங்கடா. பொணம் தூக்குற நடை நடந்தீங்க, நெசமாவே ஒரு பொணம் விழும்."

"வேற எப்படிக்கா நடக்குறது?"

"கோல் போட்டா எப்படி ஓடுவீங்க? அப்படி! நீங்க என்னைக்குடா கோல் போட்டிருக்கீங்க... சும்மா போட்டதா நெனச்சுக்கங்க!"

கிளப்புப் பாட்டைக் கத்திக்கொண்டு கிளம்பினார்கள். முதல் திருப்பத்திலேயே பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் என்று நில்தாவுக்குத் தெரிந்தது. அலறிக்கொண்டே ஏப்ரனை அவிழ்த்து நாற்காலியின் குறுக்கே கட்டினாள். இரண்டாம் திருப்பத்தில் கால் வைக்கப் பலகை வேண்டும் என்று தெரிந்தது. "எங்கம்மா என்னைப் பெத்ததே தப்பு!" என்று கூவினாள். கூவிக்கொண்டே சிரித்தாள், கண்ணில் நீர் வர. மேலே ஜன்னலில் தோன் பவுதிலியோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததைக் குன்றே கேட்டது. "அந்த யானையையே எறக்கிட்டானுங்களே! அப்ப நான் என்னடா, வெறும் கோழி!"

செவ்வாய்க்கிழமை காலை, நில்தா சுட்டுக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. திருப்பத்தில் நாற்காலி குதித்துக் குதித்து வந்தது. தோன் பவுதிலியோ கட்டுப்போட்ட காலைப் புதிதாக அடித்த பலகையில் நீட்டி, ஏப்ரனை இறுகப் பிடித்தபடி, வேகம் போதாதென்று லௌதாரோவை வைதுகொண்டிருந்தார்.

நில்தா அடுப்பைத் தணித்தாள். கரண்டி தானாக இடக்கைக்குப் போனது. வலக்கை உயர்ந்து நெற்றியைத் தொட்டது. அங்கேயே ஒரு கணம் நின்றது. பிறகு அதே கையைத் தலைக்கு மேலே தூக்கி, மாவு உதிர உதிர, அவர் மருத்துவ நிலையத்து மூலை திரும்பும்வரை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.