வாசல் தாண்டாத செருப்பு

அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது என் மாமனாரின் துணிச் செருப்புகள் கையில் கிடைத்தன. மேலே நீல பாத்தேக் கைலித் துணி, அடியில் பழைய ஜீன்ஸ், நடுவில் இரண்டு மடிப்புத் துண்டு. ஒரு வருடத்துக்கு மேல் போட்டு நடந்த செருப்பு, தெருப்புழுதி ஒரு பொட்டுகூட இல்லை. தைத்தவள் நான். மருமகள் என்ன பாசமாகத் தைத்துக் கொடுத்திருக்கிறாள் என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். நானும் மறுத்ததில்லை.

மாமனார் எங்கள் தீவுக்கும் எதிர்க்கரை பட்டர்வொர்த்துக்கும் ஓடும் ஃபெரிப் படகில், துறையில் கயிறு வீசிக் கட்டும் வேலை பார்த்தவர். ஓய்வுபெற்ற பின் மறதி நோய் வந்தது. முதலில் நாள் மறந்தது, பிறகு தெரு, பிறகு என் பெயர். வேலை நேரம் மட்டும் மறக்கவில்லை. விடிந்ததும் "ஃபெரிக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிடுவார். அவரோடு யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். பாயான் லெப்பாஸ் பக்கம் பார்த்துவந்த தொழிற்சாலை வேலையை விட்டேன்.

ஒரு நாள் நான் குளித்துக்கொண்டிருந்தபோது அவர் இறங்கிப் போய்விட்டார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் பாய்தான் அடையாளம் கண்டு போன் செய்தார். "அக்கா, ஐயா இங்கதான் இருக்காரு. ரோட்டு நடுவுல நின்னுக்கிட்டு, கயித்தப் போடு கயித்தப் போடுன்னு கத்துனாரு. உக்கார வச்சிருக்கேன், மெதுவா வாங்க." அன்றிலிருந்து கிரில் கதவைப் பூட்டினேன். நாள் முழுக்க அதைப் பிடித்து உலுக்குவார். அந்தச் சத்தத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், அவர் அழுததைப் பொறுக்க முடியவில்லை.

அப்போதுதான் பழையதொன்று நினைவுக்கு வந்தது. கல்யாணமான புதிதில், ரொட்டிக்காரர் ஹாரன் அடித்ததும் வீட்டுக்குள் போடும் செருப்போடு கீழே ஓடினேன். திரும்பி வந்தபோது மாமனார் வாசலில் நின்றிருந்தார். "வூட்டுச் செருப்போட ரோட்டுக்குப் போவாங்களாம்மா? அசிங்கம்லா." வெறுங்காலோடும் அவர் வாசலைத் தாண்டியதில்லை. என் பெயரை மறந்தவர் இதை மறந்திருக்கமாட்டார் என்று தோன்றியது. ரப்பர் செருப்பென்றால் மாட்டிக்கொண்டு எங்கேயும் போய்விடலாம். துணிச் செருப்பு வீட்டுக்குள் போடுவது என்று பார்த்ததுமே தெரியும்.

நாளிதழின் மேல் அவர் காலை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தேன். கூச்சத்தில் குழந்தைபோலச் சிரித்தார். தையல் மெஷின் நாலு மடிப்பில் திணறி ஊசியை முறித்துக்கொண்டது. கோணி ஊசி வாங்கிக் கையாலேயே தைத்தேன். அதிலும், வரைந்த தாளைத் திருப்பிப் போட மறந்து இரண்டையும் இடது காலுக்கே வெட்டிவிட்டேன், அவ்வளவு கெட்டிக்காரி. பிரித்து மறுபடி வெட்டித் தைத்து முடிக்க நான்கு நாளானது. அவருடைய ரப்பர் செருப்பை எடுத்து ஒளித்துவைத்தேன்.

மறுநாள் கிரில்லைப் பூட்டவில்லை. அவர் வாசல்வரை போனார். குனிந்து காலைப் பார்த்தார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். தினமும் இப்படியே நடந்தது. "நல்ல ஐடியாலா," என்றார் என் கணவர், வேலையிலிருந்து வந்து ஷூவைக் கழற்றியபடி. எனக்கு அந்த ஷூவைப் பிடுங்கி மாடியிலிருந்து வீசவேண்டும் போலிருந்தது. மாமனார் மீதும் கோபம் வந்தது. ஒரே ஒரு நாள் அவர் அந்தச் செருப்போடு ஓடிப்போனால், பிடிக்கிற சாக்கில் நானும் பின்னாலேயே ஓடலாமே என்றுகூட நினைத்திருக்கிறேன். அவர் ஓடவில்லை. நானும் சோறாக்கிக்கொண்டு, துணி துவைத்துக்கொண்டு அங்கேயே கிடந்தேன்.

ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது. மீந்த துணி அப்படியே கிடந்தது. குதிகால் வலிக்கு இதமாக இருக்கும் என்று எனக்கும் ஒரு ஜோடி தைத்துக்கொண்டேன். அன்று மாலை காப்பி கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் குவளையை வாங்காமல் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒன்னையும் இங்கதான் வச்சிருக்காங்களா?"

"ஆமா மாமா."

"எவ்ளோ நாளா?"

"ரெண்டு வருசமாச்சு."

அதைச் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கதவு திறந்துதான் கிடந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அழுவாத. ஃபெரி வந்துரும். வந்தோன்ன மொதல்ல ஒன்னய ஏத்தி விட்டுர்றேன்."

யார் வைத்திருக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அடுத்த மாதம் காய்ச்சலில் படுத்தவர் எழவே இல்லை. இப்போது நான் மறுபடி வேலைக்குப் போகிறேன், நினைத்த நேரத்தில் கீழே இறங்குகிறேன். கடைசிவரை என்னையும் தன்னோடு அடைபட்டவளாகவே அவர் நம்பினார். நான் அவரைப் படகுத்துறைவரைகூட ஒருமுறையும் அழைத்துப் போகவில்லை.