சந்தைக்குப் போனவர் திரும்பும் வரை

எங்கள் அக்கா பயந்த சுபாவம் உள்ளவர். அவருடைய முதலாண்டு நினைவு மலரின் முதல் வரியாக இதைப் போடலாமா என்று அக்காவின் கணவரான மாமா யோசித்தார். இதைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் எல்லோரும் அக்காவின் சமையலைச் சாப்பிட்டவர்கள், அவருடைய பயத்தையும் பார்த்தவர்கள். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? நான் அக்காவின் ஒரே தங்கை. அவரைவிடப் பெரிய பயந்தாங்கொள்ளி. அதனால் இதை எழுத எனக்குத் தகுதி உண்டு.

அக்கா பொன்னேரிக்கு மேற்கே, நெல்வயல் சூழ்ந்த கிராமத்தில் மூத்த பெண்ணாகப் பிறந்தார். பத்து வயதில் மூட்டெல்லாம் வீங்கி ஒரு மாதம் காய்ச்சலில் கிடந்தாராம். அதற்குப் பிறகு பள்ளிக்கூட மணி அடித்தாலும் ஓட மாட்டார். "ஓடுனா நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது" என்பார். வாத்தியாரிடம் பயம் என்று வீட்டில் சிரித்தோம்.

மாமாவைக் கைப்பிடித்து அக்கா கும்மிடிப்பூண்டிக்கு வந்தார். அப்பா காலமான பின் என்னையும் அழைத்து வந்து படிக்க வைத்தார். வரிசை அறைகளில் தங்கியிருந்த ஒடிசாத் தொழிலாளர்களுக்கு மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுத்தார். அவர்களுக்காகவே குழம்பில் உருளைக்கிழங்கைக் கூட்டினார். யாருக்காவது காய்ச்சல் என்றால் கேரியரில் கஞ்சி போகும். அந்தக் கைக்கு இன்றுவரை ஒருவர்கூடக் குறை சொன்னதில்லை.

மாமாவுக்கு இரும்பு உருக்கும் ஆலையில் உலைக்குப் பக்கத்தில் வேலை. அவர் சைக்கிளில் ஏறிய நிமிடத்திலிருந்து அக்காவுக்கு இருப்புக்கொள்ளாது. ஷிப்ட் மாறும்போது ஆலைச் சங்கு ஊதுவது வழக்கம். நேரம் கெட்ட நேரத்தில் ஊதினால் உள்ளே யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பொருள். அந்தச் சத்தம் காதில் விழாமலிருக்க அக்கா கண்டுபிடித்த மருந்துதான் அந்த நாடகம்.

டிவியில் வந்தபோது வீடியோ டெக்கில் பதிவு செய்த சிரிப்பு நாடகம் அது. ஒரு வீட்டு ஓனரும் நாலு குடித்தனமும் எப்போதும் சண்டை போடுவார்கள். அதில் ஒரு பகுதியில் ஒருவர் காலையில் சந்தைக்குப் போய்ச் சாயங்காலம் வரை திரும்ப மாட்டார். பெண்டாட்டி அழுவாள். கிணற்றில் தேடலாமா என்பார் ஓனர். கடைசியில் எல்லோரும் வாசலில் கூடி நிற்க, அந்த மனிதர் தோளில் பூசணிக்காயோடு வந்து கேட்பார்: "ஏன் எல்லாரும் வாசல்ல நிக்கிறீங்க? நான் சந்தைக்குத்தானே போனேன்?" அக்கா ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு அரிசி களையப் போவார். திருவாலங்காட்டிலிருந்து மாமியார் வந்தால் மட்டும் கேசட் அரிசி டின்னுக்குள் ஒளிந்துகொள்ளும். ஊரெல்லாம் சிடிக்கு மாறிய பிறகும் அக்கா டெக்கை விடவில்லை.

"எத்தினி தபா பாப்ப, இன்னா நடக்கும்னு தெரியாதா உனக்கு?" என்று கேலி செய்வேன்.

"தெரியும் பாப்பா. அதுக்குதான் பாக்குறேன்."

ஒரு நாள் காலை பதினொரு மணி இருக்கும். நாடகத்தில் எல்லோரும் வாசலில் வந்து நின்ற நேரம், கரண்ட் போய்விட்டது. டிவி நின்றது, மின்விசிறி நின்றது. அந்த அமைதியில் சங்கு கேட்டது. நிற்காமல் ஊதிக்கொண்டே இருந்தது.

தெருப் பெண்கள் கம்பெனி கேட்டைப் பார்த்து ஓடினார்கள். அக்காவுக்குக் கால் வரவில்லை. கரண்டியும் கையுமாகத் தரையில் உட்கார்ந்து மார்பைப் பிடித்துக்கொண்டார்.

"பாப்பா, மீதிய நீ சொல்லு."

"இன்னாக்கா, இப்பப் போயி நாடகம்..."

"சொல்லுடி. அவரு வந்துகினு இருப்பாரு. நீ சொல்லு."

சொன்னேன். ஓனர் குரல், பெண்டாட்டி குரல், எல்லாக் குரலும் நானே. பூசணிக்காய்க்காரரின் வசனத்தையும் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை. "முதல்லேர்ந்து சொல்லு" என்றார். மறுபடி சொன்னேன். அன்று எத்தனை முறை சொன்னேன் என்று தெரியாது. ஒவ்வொரு முறை முடியும்போதும் அக்கா வாசலைப் பார்ப்பார், நானும் பார்ப்பேன், அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

மூன்று மணிக்கு மேல் மாமா வந்தார். சட்டை முழுக்கப் பொத்தல். ஈரமான பழைய இரும்பு உலையில் விழுந்து, உருகிய இரும்புக் குழம்பு தெறித்ததாம். தீக்காயம் பட்ட இரண்டு பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்திருந்தார். அக்கா எழுந்து சோறு போட்டார்.

அதற்குப் பிறகு அக்காவுக்கு அடிக்கடி படபடப்பு வந்தது. தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்குவார். அன்றைய பயம் இன்னும் தெளியவில்லை என்று மாமியார் மந்திரித்துக் கயிறு கட்டினார். நானோ, "இரு, நாடகத்தப் போடறேன், சரியாப் பூடும்" என்று கேசட்டைச் செருகுவேன். அரைமணி நேரம் சுவரில் சாய்ந்து பார்த்தால் படபடப்பு தணியும். உண்மையில் உட்கார்ந்ததால் தணிந்தது. நாடகத்தால் தணிந்தது என்று நாங்கள் நினைத்தோம். இப்படியே நான்கு வருடம் போனது.

கால் வீங்கிய பிறகுதான் பொன்னேரியில் டாக்டரிடம் காட்டினோம். அவர் நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு, "சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்துச்சாம்மா?" என்றார். அக்கா தலையாட்டினார். அந்தக் காய்ச்சலில் கெட்டுப்போன இதய வால்வு இத்தனை காலமும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. நாங்கள்தான் அதற்குப் பயம் என்று பெயர் வைத்திருந்தோம்.

சென்னையில் அறுவை சிகிச்சை. ஊசி என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அக்கா அன்று காலை அமைதியாகப் படுத்திருந்தார்.

"பாப்பா, நாடகத்தச் சொல்லு."

சொன்னேன். எல்லோரும் வாசலில் வந்து நின்ற இடத்தில் தள்ளுவண்டி வந்துவிட்டது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நிறுத்து. மீதிய வந்து கேட்டுக்கறேன்."

"ஒரு வரிதான்க்கா. சொல்லிடறேனே."

"வேணாம். மீதி இருந்தாதான் வருவேன்."

அக்கா சிரித்துக்கொண்டுதான் போனார். மூன்று நாள் கண் திறக்காமலே இருந்து, எங்களை விட்டுப் பிரிந்தார்.

மாமா இன்னும் அதே உலைக்குத்தான் வேலைக்குப் போகிறார். இப்போது அவர் சைக்கிளில் ஏறினால் என் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. கேசட் அரிசி டின்னில் இருக்கிறது. எடுக்கத் தைரியம் இல்லை. உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் யாராவது நெஞ்சு படபடக்கிறது என்றால் பயம் என்று சொல்லிவிடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள்.

அக்காவைக் காப்பாற்றப் பாடுபட்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், கூப்பிடாமலே ரயிலேறி வந்து இரத்தம் கொடுத்த ஒடிசாப் பிள்ளைகளுக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்ட தெருப் பெண்களுக்கும், கூடவே நின்ற உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அக்காவை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நீங்கள் எல்லோரும் வாசலில் நின்றிருந்தீர்கள். வண்டியிலிருந்து இறங்கி உங்களைப் பார்த்ததும் அந்த வரி என் வாய்வரை வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். சொல்லிவிட்டால் அக்கா திரும்பி வர ஒரு காரணமும் இருக்காதே என்ற பயம். ஒரு வருடமாக அதை வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இனி முடியவில்லை. அக்கா, நீ கேக்காம போன மீதி இதான்:

"ஏன் எல்லாரும் வாசல்ல நிக்கிறீங்க? நான் சந்தைக்குத்தானே போனேன்?"