நான் கும்பிட்ட வாங்கு

பிள்ளைகளே, ஆண்டு விழாவில் அப்பா ஏன் அப்படிக் கோபப்பட்டார் என்று நீங்கள் இரண்டு பேரும் அம்மாவிடம் கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் கேட்கவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை என்று உங்களுக்குத் தெரியும். சரி, எழுதித் தருகிறேன். நான் பெரிதாகப் படித்தவன் இல்லை. எழுத்தில் பிழை இருந்தால் திருத்துங்கள். கோபத்தைத் திருத்த வேண்டாம்.

அது மண்டபத்தில் தொடங்கவில்லை. அதற்கு முந்திய கோடையில், ஒல்லாந்தில் ஒரு கிராமத்துத் தேவாலயத்தில் தொடங்கியது.

ஒஸ்லோவில் எங்கள் ரொம்சோஸிலிருந்து புறப்பட்டு, காரோடு கப்பலேறி, உங்கள் மாமா வீட்டுக்குப் போனோமே, அந்தப் பயணம். அப்பப்பாவும் வந்தார். கால் வலித்தால் இருப்பதற்கென்று அவருக்கு ஒரு மடக்குக் கதிரையும் காரில் வந்தது. மழை விடாத ஒரு நாள், வீட்டுக்குள் அடைந்து கிடக்காமல் மாமா எங்களை அங்கே கூட்டிப்போனார். வயல்வெளிக்கு நடுவில் ஒரு மேடு. மேட்டில் செங்கல் தேவாலயம். ஒரு பக்கம் சாய்ந்த கோபுரம். வெள்ளத்துக்குத் தப்ப, அந்த மேட்டையே சனங்கள் மண் சுமந்து உயர்த்தினார்களாம். யார் சுமந்திருப்பார்கள் என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

வாசலில் சப்பாத்துகளைக் கழற்றி வரிசையாக வைத்தோம். யாரும் கழற்றச் சொல்லவில்லை. திறப்பு வைத்திருந்து கதவைத் திறந்துவிட்ட பெண்மணி எங்கள் காலுறைகளைப் பார்த்து, தரை குளிரும் என்று மட்டும் சொன்னார். தரை முழுக்கக் கல்லறைக் கற்கள். மகள், நீ பெயர்களை மிதிக்கமாட்டேன் என்று ஓரங்களால் நடந்தாய். தம்பி ஒற்றைக் காலால் பாய்ந்து அதைக் கெந்தித் தொட்டு விளையாட்டாக்கிவிட்டான்.

உள்ளே ஒரு சிலை கிடையாது. ஒரு படமும் கிடையாது. சுண்ணாம்படித்த வெள்ளைச் சுவர், நிறமில்லாத கண்ணாடி யன்னல், நடுவில் தொங்கும் பித்தளைக் கொத்துவிளக்கு. சாமி எங்கே என்று நான் தேடினேன். வலப்பக்கச் சுவரோடு கண்டேன், அல்லது கண்டதாக நினைத்தேன். கறுத்த மரத்தில் முறுக்குத் தூண்கள், மேலே கூரை, கூரையில் கேடயம் பிடித்த இரண்டு சிங்கங்கள், இலையும் பழமுமாகச் செதுக்கு வேலை, முன்னுக்குக் கொண்டி போட்ட சிறு கதவு. இதுதான் மூலஸ்தானம், பூசை நேரத்தில் மட்டும் திறப்பார்கள் போல என்று எண்ணி நான் கைகூப்பி நின்றேன். என்னைப் பார்த்து அப்பப்பாவும் கும்பிட்டார். கொண்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்தப் பெண்மணி மெதுவாக ஆங்கிலத்தில் விளக்கினார். மகள்தான் எங்களுக்குச் சொன்னாள். அது சாமியின் இடம் இல்லை. அந்த ஊர் நிலமெல்லாம் வைத்திருந்த குடும்பம் இருந்து பிரசங்கம் கேட்ட வாங்கு, கதவும் கூரையும் போட்ட இருக்கை. மற்றவர்களுக்கு நடுவில் வெறும் பலகை வாங்குகள். ஒன்றுமில்லாத சனங்கள் கதவடியில், குளிரில்.

மாமாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"மச்சான், சாமியெண்டு சம்மாட்டியைக் கும்பிட்டிட்டியள்." சம்மாட்டி என்றால் ஊரில் வள்ளமும் வலையும் வைத்திருக்கும் முதலாளி.

பிறகு வாங்கின் சிங்கத்தைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "அந்தந்த ஆக்களுக்கு அந்தந்த இடம். அப்பதான் ஒரு ஒழுங்கு இருக்கும்."

அவர் பகிடிக்குச் சொன்னார். எனக்கு அது பகிடியாக இல்லை. உங்களுக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஊரில் அப்பப்பாவைக் கோயிலுக்குள் விட்டதில்லை. எங்கள் சாதிக்கு வெளிவீதி மட்டும்தான். தேவாரத்தை மதிலுக்கு வெளியே நின்று கேட்டு, பாதி கேட்டும் பாதி கேளாமலும் பாடம் பண்ணினவர் அவர். அந்த மனிதன் ஒரு பணக்காரனின் கதவுக் கொண்டியைக் கண்ணில் ஒற்றிவிட்டார். அவரைப் போன்ற சனங்களைக் கதவடியில் நிறுத்திய வாங்கின் கொண்டி. காது மந்தமானபடியால் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்ன சொல்லுகினம் என்று கேட்டார். நல்ல மரவேலை என்று சொல்லுகினம் என்றேன்.

களைத்துப்போய் அவர் கதவடியில் மடக்குக் கதிரையை விரித்து இருந்தார். அந்த நேரம் பெண்மணி பிரசங்க மேடைப் படிகளில் ஏறினார். அந்த மேடைக்கு மேலேயும் ஒரு மரக்கூரை, குடை மாதிரி. குரல் மேலே போய்ச் சிதறாமல் கடைசி ஆளுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று செய்ததாம். அதன் கீழ் நின்று சாதாரணமாக ஏதோ வாசித்தார்.

"ஓம், இஞ்சை கேக்குது," என்றார் அப்பப்பா, அங்கே கடைசியில் இருந்தபடி.

இரண்டு கூரைகளும் ஒரே ஊர் மரம், ஒரே சிங்கம், ஒரே இலை. ஒன்று ஒருவனை உயர்த்திக் காட்ட. மற்றது எல்லோருக்கும் கேட்க. அதை நான் மறக்கவில்லை.

இனி ஒஸ்லோ. ட்வெய்ட்டா பக்கம் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் தமிழாக்களின் ஆண்டு விழா. மகள் தேவாரம் பாடுகிறாள். அதைக் கேட்கவேண்டும் என்பதுதான் அப்பப்பாவுக்கு அந்த மாதம் முழுக்க ஒரே கதை. தூரத்தில் இருந்தால் ஸ்பீக்கர் சத்தம் அவருடைய காதுக்கருவிக்குள் வெறும் இரைச்சல். கிட்ட இருந்தால் குரல் பிடிபடும். அதனால் நேரத்தோடு போய் அவரை முன்வரிசையில் இருத்தினேன். வெள்ளைத் துணி விரித்த சோபாக்கள், பூச்சாடி, குறுக்கே ஒரு சிவப்பு நாடா. நாடாவைத் தூக்கிவிட்டுத்தான் இருத்தினேன்.

கோட்டில் பூக் குத்திய விழாக் குழுக்காரர் ஒருவர் வந்தார். இது பிரமுகர்மாருக்கு, ஐயாவைப் பின்னாலே இருத்துங்கோ என்றார். காது கேளாதவர் என்றேன். ஸ்பீக்கர் இருக்குத்தானே என்றார். பிறகு குரலைத் தணித்து, "நீங்கள் ஊரிலை எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எதற்கு என்று எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது. தெரியாமலே வளருங்கள்.

அப்பப்பா எழும்பி, கடைசி வரிசைக்கு, உடுப்பு கொளுவும் இடத்தடிக்கு நடந்தார். பழகின கால்கள், தானாகப் போயின. அதைக் கண்டபோதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. காருக்குப் போய் மடக்குக் கதிரையை எடுத்துவந்து, சோபாக்களுக்கு முன்னால், மேடைக்கு முட்ட விரித்து, அவரைக் கையில் பிடித்துக் கூட்டிவந்து இருத்தினேன்.

பிரமுகர்மாருக்கு மறைக்குது என்றார் பூக் குத்தியவர்.

"மறைக்கட்டும்," என்றேன். "அவையளுக்குக் காது கேக்கும்தானே."

என் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டிருக்கிறது. தம்பி என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, பின்லியா இருக்கு," என்றான். பின்லி என்றால் இங்கத்தைய மொழியில் வெட்கக்கேடு. வெட்கம் கெட்டு நான்தான் நிற்கிறேன் என்று நினைத்தாய், தம்பி. வெட்கப்பட வேண்டியவர்கள் துணி விரித்த சோபாக்களில் இருந்தார்கள்.

மகள் பாடினாள். பின்னாலிருந்து ஒருவர் தலையைக் கொஞ்சம் பணிக்கச் சொன்னார். அப்பப்பா பணியவில்லை. அவருக்கு அது கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

காரில் வரும்போது அவர்தான் முதலில் கதைத்தார்.

"பிள்ளை ரெண்டாம் பாட்டிலை ஒரு அடியை விட்டிட்டாள்."

நீ அழாக்குறையாகத் திரும்பிப் பார்த்தாய், மகள். பிறகு ஓம் என்று ஒத்துக்கொண்டாய். சோபாவில் இருந்த ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

இந்த வருட விழாவுக்கும் அழைப்பு வந்திருக்கிறது. மடக்குக் கதிரையை நான் காரிலிருந்து இறக்கவில்லை.