பதினேழாவது நிபந்தனை

என் அப்பா ஜானகிராமன், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோர ஆராய்ச்சி வளாகம் ஒன்றின் பம்ப் ஹவுஸில் ஷிப்ட் சூபர்வைசராக இருந்தவர். கடல் நீரை இழுத்து, உள்ளே இருக்கும் இயந்திரங்களைக் குளிர்விக்க அனுப்ப வேண்டும். ஐந்து பம்புகள். ஜெல்லிபோல் வழுவழுப்பான சொறி மீன் கூட்டமாக வந்து வலையை அடைக்கும் நாட்களில், எந்த பம்ப் நின்றது என்று அரை நிமிடத்தில் தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டிவரும்.

1999-ல், விளக்குகள் நிறைந்த பழைய பேனலை எடுத்துவிட்டு கம்ப்யூட்டர் திரை வைக்க முடிவானது. திரை எப்படி இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்துக்கு நிபந்தனைகள் எழுதும் வேலை அப்பாவிடம் வந்தது. நான் பொறியியல் கடைசி வருடம். செங்கல்பட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து டைப் செய்து கொடுத்தேன். இருபத்து மூன்று நிபந்தனைகள். எச்சரிக்கையை ஆள் பார்த்துப் பதியும்வரை அது மறையக் கூடாது. சோதனையின்போது, அன்றைய ஷிப்டில் இருக்கும் ஆபரேட்டரே திரை முன் உட்கார வேண்டும். பதினேழாவது: எந்த நிலையையும் நிறத்தால் மட்டும் காட்டக் கூடாது, வடிவமும் மாற வேண்டும்.

பதினேழை எடுத்துவிடச் சொன்னேன். பச்சை என்றால் ஓடுகிறது, சிவப்பு என்றால் நிற்கிறது, வடிவம் எதற்கு? டைப் பண்ணு என்றார். மறுநாள் இன்னொரு வரியோடு வந்தார்: ஷிப்ட் மாறும்போது திரையைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு அடுத்த ஆளிடம் கொடுக்க வசதி வேண்டும். சலித்துக்கொண்டே இருபத்து நான்காவதாகச் சேர்த்தேன். காரணம் கேட்டும் சொல்லவில்லை. எட்டு வருடம் சொல்லவில்லை.

2007-ல் மாரடைப்பில் அப்பா இறந்துபோனார். மூன்றாம் நாள், கேளம்பாக்கத்தில் எங்கள் ஃப்ளாட்டுக்கு தாமோதரன் வந்தார். அப்பாவின் ஷிப்டில் ஆபரேட்டராக இருந்தவர், பக்கத்துக் குப்பத்துக்காரர். அவர் சொல்லித்தான் தெரிந்தது.

தாமோதரனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத்தான் தெரியும். வேலைக்குச் சேரும்போது டாக்டர் நிறப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் புத்தகத்தைக் காட்டி எண் கேட்டாராம். வரிசையில் முன்னால் நின்றவன் சொன்னதை அப்படியே ஒப்பித்திருக்கிறார். பழைய பேனலில் சிக்கல் இல்லை. சிவப்பு விளக்கு மேலே, பச்சை கீழே. இடத்தைப் பார்த்தால் போதும். 1996-ல் பழுது பார்த்தவர்கள் ஒரு ஜோடி விளக்கை மேல்கீழாக மாட்டிவிட்டார்கள். நின்ற பம்பை ஓடுகிறது என்றார் தாமோதரன். அப்பா உடனே கவனித்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தாமோதரன் பம்ப் ஹவுஸில் இருக்க முடியாது.

புதிய திரையைச் சோதித்து ஏற்றுக்கொள்ளும் நாள் வந்தபோது, டெல்லியிலிருந்து ஆட்கள் வந்து திறந்துவைக்க நான்கு நாட்கள்தான் பாக்கி இருந்தன. துறைத் தலைவர் ரவிச்சந்திரன் கையில் பேனாவோடு நின்றார். திரையில் ஐந்து வட்டங்கள். நிறம் மட்டும் மாறியது. பதினேழாவது நிபந்தனையை, ஒப்பந்தம் எடுத்த கம்பெனி செய்யவில்லை. நாற்காலியில் தாமோதரன். அப்பாவே எழுதிய நிபந்தனை அவரை அங்கே உட்கார வைத்திருந்தது.

கம்பெனி இன்ஜினியர் விஷால் ஏதோ ஒரு பம்பை நிறுத்துவதுபோல் பொய் சிக்னல் கொடுத்துவிட்டு ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினான். பத்து நொடி. இருபது. ஏசி அறையில் தாமோதரனின் கழுத்து நனைந்தது.

“சோதனையை நிறுத்துங்க,” என்றார் அப்பா. “பதினேழு இல்ல.”

ரவிச்சந்திரன், அதற்கு விலக்கு கொடுத்துவிடலாம், பிறகு மாற்றித் தருவார்கள் என்றார்.

“கையெழுத்து போட்டப்புறம் யார் சார் வருவா?”

“ரோட்டு சிக்னலே கலர்லதானே சார் இருக்கு,” என்றான் விஷால்.

“சிக்னல்ல சிவப்பு மேல இருக்கும். உங்க வட்டம் மேலயும் கீழயும் போகுதா?”

யாருக்காக இப்படிப் பிடிவாதம் என்று ரவிச்சந்திரன் கேட்டார். தாமோதரன் திரும்பவே இல்லை. தன் பெயர் வரும் என்று காத்திருந்தாராம். அப்பா அச்சுப் பொத்தானை அழுத்தினார். பிரிண்டர் கரகரத்து ஒரு தாளைத் தள்ளியது. அதைக் கிழித்து ரவிச்சந்திரனிடம் நீட்டினார்.

“இருபத்து நாலாவது நிபந்தனை. ஷிப்ட் மாறுது, இதுதான் உங்க கையில இருக்கு. எந்த பம்ப் நிக்குது?”

ஐந்தும் ஒரே சாம்பல். ரவிச்சந்திரன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்றாவது என்றார். நின்றது இரண்டாவது.

கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடினார்.

திறப்பு விழா பதினொரு நாள் தள்ளிப்போனது. அப்பாவுக்கு மெமோ வந்தது. திரையும் மாறி வந்தது: ஓடும் பம்ப் நிரம்பிய வட்டம், நின்றது குறுக்குக் கோடு போட்ட சதுரம்.

அதோடு அப்பா விடவில்லை. தாமோதரனைத் தனியே கூப்பிட்டு, டாக்டரிடம் அவராகவே போய்ச் சொல்லச் சொன்னார். மூன்று வருடம் மறைத்தது தன் தப்பும்தான் என்றார். தாமோதரன் கெஞ்சினார். இரண்டு வாரம் அப்பா அவரைத் திரை முன் உட்கார விடவில்லை. பிறகு தாமோதரன் டாக்டரிடம் போனார். டாக்டர் பம்ப் ஹவுஸுக்கே வந்து ஒரு மணி நேரம் திரையில் சோதித்துவிட்டு, இந்தத் திரையில் மட்டும் வேலை செய்யலாம் என்று எழுதிக் கொடுத்தார். ஓய்வு பெறும்வரை தாமோதரன் அங்கேயே இருந்தார்.

அந்த நிபந்தனையை எடுக்கச் சொன்னதே நான்தான் என்று அவரிடம் சொன்னேன்.

“தெரியும் பாப்பா, சார் சொல்லிகீறாரு,” என்றார். “‘படிச்ச பொண்ணு, அதுவே இன்னாத்துக்குன்னு கேக்குது தாமோதரா. கம்பெனிக்காரன் செய்யவா போறான்’னாரு. அதுக்கோசரம்தான் அன்னிக்கே அந்த பேப்பர் வரிய எய்தினாரு.”

இருபத்து நான்காவது நிபந்தனையை நான்தான் டைப் செய்தேன். நன்றாக நினைவிருக்கிறது. கடைசிப் பக்கத்தில் இடம் போதவில்லை என்று அப்பாவிடம் கோபித்துக்கொண்டேன். வேறு தாள் போட்டுக்கோ என்றார்.