நடுவில் ஒரு வரிசை

அவசரநிலை முடிந்து நடந்த முதல் தேர்தல். திருத்தணி மலையடிவாரத்துப் பள்ளியில் வாக்குப்பதிவு. பத்திரிகைக்குச் செய்தி எடுக்கப் போயிருந்தேன். அடிவாரத்தில் இட்லிக் கடை வைத்திருந்த திருநங்கை, தோழிகள் இருவரோடு வந்தார். போன தேர்தலில் ஆண்கள் வரிசையில் கேலி செய்தார்கள், பெண்கள் வரிசையில் சேர்க்கவில்லை. ஓட்டுப் போடாமலே திரும்பியவர் அவர்.

இம்முறையும் காவலர் ஆண்கள் பக்கம் கையைக் காட்டினார்.

"எங்களுக்கு ஓட்டு கீதில்லங்க? அப்போ இங்கியே நிக்கிறோம்" என்று இரண்டு வரிசைக்கும் நடுவில் மூவரும் நின்றுகொண்டார்கள்.

வாசலில் இருந்த அலுவலர் வரிசைக்கு ஒருவராக மாற்றி மாற்றி உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் போனதும் நடுவில் முன்னால் நின்ற இட்லிக் கடைக்காரரைப் பார்த்தார். சற்று யோசித்தார்.

"நீ வாம்மா."

ஆண்கள் வரிசையில் ஒருவர் கொதித்தார். "காலையிலேர்ந்து வெயில்ல காஞ்சிகினு கீறோம். இவங்க இப்போ வந்து உள்ள போறாங்க!"

விரலில் மையோடு வெளியே வந்த இட்லிக் கடைக்காரர் அவரைப் பார்த்துச் சொன்னார்: "நீயும் எங்க வரிசைக்கு வந்துடு நைனா. பொடவ நான் தரேன்."

முதலில் சிரித்தது பெண்கள் வரிசைதான். தோழிகளும் ஓட்டுப் போட்டு வந்தபின், மூவரும் கடைத்தெருவின் நடுவே நடந்து போனார்கள். மை வைத்த விரலை இட்லிக் கடைக்காரர் மடக்கவே இல்லை.